இடி விழுந்த மறுநாள்

கம்பம் பள்ளத்தாக்கில் கடைக் கம்ப்யூட்டர்களுக்கு ஐப்பசியும் கார்த்திகையும் ஆகாத மாதங்கள். வடகிழக்குப் பருவமழை மலையில் முட்டி, சாயங்காலமானால் இடியும் மின்னலுமாக இறங்கும். கரண்ட் கம்பி வழியாகவோ டெலிபோன் கம்பி வழியாகவோ ஒரு வெட்டு வந்தால் போதும், மறுநாள் காலை சிஸ்டம் ஆன் ஆகாது. போடியில் ஏலக்காய்க் கடை, சின்னமனூரில் வாழைக்காய் மண்டி, உத்தமபாளையத்தில் அரிசி ஆலை, எங்கே என்றாலும் கதை ஒன்றுதான். மதர்போர்டு போயிருக்கும். சரக்கு வந்து இறங்கிக்கொண்டிருக்கும்போது கடைக்காரர் யோசித்துக்கொண்டிருக்க மாட்டார். மதியத்துக்குள் தேனியிலிருந்து புது சிஸ்டம் வந்துவிடும். தலைவலி அதற்கப்புறம்தான். பத்துப் பதினைந்து வருஷமாக ஓடிய கணக்கு சாஃப்ட்வேரும், அதற்கு அடியில் இருக்கிற டேட்டாபேஸும் புது மெஷினில் ஏறாது. செட்டப் பாதியில் நிற்கும், எரர் அடிக்கும், அல்லது ஒன்றுமே சொல்லாமல் காணாமல் போகும்.

டேட்டாபேஸ் இன்ஸ்டாலேஷன் தோல்வியைச் சரிசெய்வது பற்றிய வழிகாட்டிகளில் முக்கால்வாசி, புதிதாகப் படிக்கத் தொடங்குகிறவரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அவரிடம் இழக்க ஒன்றுமில்லை. "எல்லாத்தையும் அழிச்சிட்டு முதல்லேருந்து போடு" என்றால் அவர் தாராளமாகப் போடலாம். சிற்றூர்க் கடையின் நிலைமை வேறு. இங்கே மெஷினுக்கு ஆயுசு குறைவு, சாஃப்ட்வேருக்கு ஆயுசு கெட்டி. வெயில், தூசி, வோல்டேஜ் ஏற்ற இறக்கம், மின்னல் எல்லாம் சேர்ந்து மெஷினைச் சில வருஷங்களில் முடித்துவிடும். சாஃப்ட்வேரோ யாரோ ஒருவர் அந்தக் கடைக்கென்றே உட்கார்ந்து எழுதிக் கொடுத்தது. எழுதியவர் பெங்களூருக்குப் போய்ச் செட்டிலாகிவிட்டாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே இங்கே இன்ஸ்டாலேஷன் தோல்வி என்பது பழையது செத்த மறுநாள் வருகிற சங்கதி. உள்ளே இருப்பது எந்த விவசாயிக்கு எவ்வளவு முன்பணம், யாரிடமிருந்து எவ்வளவு பாக்கி என்கிற பேரேடு. முப்பது வருஷத்தில் இந்த வேலை எப்படி மாறியது என்று பார்த்தால், தோல்விக்கான காரணம் அவ்வளவாக மாறவே இல்லை. கணக்கு இருக்கும் இடம்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது, ஒவ்வொரு முறையும் கைக்கு இன்னும் எட்டாத இடத்துக்கு.

மதுரையிலிருந்து பிரிந்து தேனி தனி மாவட்டமானது 1996-ல். அந்தக் காலத்தில் கடைக்கணக்கு என்றால் டாஸில் ஓடும் ஃபாக்ஸ்ப்ரோ. ஃபாக்ஸ் சாஃப்ட்வேர் என்ற கம்பெனியை 1992-ல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய பிறகு, 1994-ல் வந்த 2.6 பதிப்புதான் ஊரெல்லாம் பரவியது. ஒவ்வொன்றும் 1.44 எம்.பி. கொள்ளும் பிளாப்பிகளை வரிசைப்படி மாற்றி மாற்றிப் போட வேண்டும். மலையடிவார ஈரத்தில் பிளாப்பியில் பூஞ்சை பிடித்துவிடும். கடைசிக்கு முந்தைய பிளாப்பியில் "அபார்ட், ரீட்ரை, ஃபெயில்?" என்று திரை கேட்டால் பஸ் ஏறி மதுரைக்குப் போய் வேறு செட் வாங்கி வர வேண்டியதுதான். தேனியிலிருந்து மதுரை 75 கிலோமீட்டர். கம்பத்திலிருந்து கிளம்புகிறவருக்கு அதற்கு மேல் இன்னும் 40. ஒரு கெட்ட பிளாப்பிக்கு ஒரு நாள் கூலி போய்விடும்.

பிளாப்பி நல்லதாக இருந்தாலும் ஏறியதும் ஓடிவிடாது. டாஸ் சாதாரணமாக ஒரே நேரத்தில் எட்டுக் கோப்புகளைத்தான் திறக்கவிடும். பேரேடு ஒரு கோப்பு, சரக்கு இருப்பு ஒரு கோப்பு, ஒவ்வொன்றுக்கும் இண்டெக்ஸ் தனி என்று கணக்கு சாஃப்ட்வேர் அதைத் தாண்டிவிடும். "டூ மெனி ஃபைல்ஸ் ஓப்பன்" என்று நிற்கும். கான்ஃபிக் டாட் சிஸ் என்ற கோப்பில் ஃபைல்ஸ் என்ற வரியில் நாற்பதோ ஐம்பதோ போட்டு ரீஸ்டார்ட் செய்தால் சரி. 640 கே.பி. நினைவகத்தில் மவுஸுக்கும் சிடி டிரைவுக்கும் எடுத்துக்கொண்டது போக மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போடத் தெரிந்த ஆளுக்கு ஊரில் தனி மரியாதை இருந்தது. பிரிண்டர் போர்ட்டில் டாங்கிள் சொருகினால்தான் ஓடும் சாஃப்ட்வேர்களும் உண்டு. அவற்றுக்கு மின்னல் என்றால் இரட்டை நஷ்டம்.

இவையெல்லாம் அன்றாடச் சிக்கல்கள். ஆளைத் திகைக்க வைத்தது 1990-களின் கடைசியில் வந்தது. பழைய மெஷின் போய், பென்டியம் 2 வந்து இறங்கியது. அதே பிளாப்பி, அதே கோப்புகள், எல்லாம் ஒழுங்காக ஏறும். ஃபாக்ஸ்ப்ரோவைத் திறந்தால் "டிவைட் பை சீரோ" என்று வந்து வெளியே தள்ளிவிடும். கடைக்காரர் எந்தக் கணக்கையும் இன்னும் போடவில்லை, பூஜ்ஜியத்தால் எதை வகுத்தது? விஷயம் இதுதான்: அந்தக் காலத்து நிரல்கள் சில, தொடங்கும்போது மெஷினின் வேகத்தை அளந்துகொள்ளும். ஒரு வெற்றுச் சுழற்சியைக் குறிப்பிட்ட தடவை ஓடவிட்டு, எவ்வளவு நேரமானது என்று கடிகாரத்தைப் பார்த்து, அந்த நேரத்தால் வகுக்கும். புது சிப்பின் வேகத்தில் கடிகாரம் ஒரு முறைகூடத் துடிக்கும் முன்பே சுழற்சி முடிந்துவிட்டது. ஆன நேரம் பூஜ்ஜியம். அதனால் வகுக்கப் போய் நிரல் விழுந்தது. மைக்ரோசாஃப்ட் இதற்கு ஐபேட்ச் என்ற குட்டி நிரலை வெளியிட்டது. அது கிடைக்கும் வரை எத்தனை கடைகளில் மெஷின் சரியில்லை என்று திருப்பிக் கொடுத்திருப்பார்களோ! மெஷினில் குறை ஒன்றுமில்லை. சாஃப்ட்வேரை எழுதியவர்கள் கற்பனை செய்த வேகத்தைவிட அது அதிக வேகமாக இருந்தது, அவ்வளவுதான்.

ஆனால் அந்தத் தலைமுறையில் ஒரு பெரிய நிம்மதி இருந்தது. ஃபாக்ஸ்ப்ரோ ஓடாவிட்டாலும் கணக்கு எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு ஃபோல்டர், அதற்குள் டி.பி.எஃப். கோப்புகள். பேரேட்டுக்கு ஒன்று, விவசாயி பெயர்களுக்கு ஒன்று. கணக்கு எழுதுகிறவர் சாயங்காலம் கடை அடைக்கும்போது அவற்றைப் பிளாப்பியில் காப்பி எடுத்துக் கல்லாப்பெட்டியில் போட்டுவிட்டுப் போவார். கரண்ட் போய் இண்டெக்ஸ் கெட்டால் ரீஇண்டெக்ஸ் போட்டால் மீண்டுவிடும். மதர்போர்டு செத்தால் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி, ஜம்பரை மாற்றி, வேறு மெஷினில் ஸ்லேவாகப் போட்டு ஃபோல்டரை இழுத்துக்கொள்ளலாம். அந்தக் கோப்புகளை இன்றும் எக்செலில் திறந்து பார்க்கலாம். டேட்டாபேஸ் சாஃப்ட்வேர் தோற்பது வேறு, டேட்டா போவது வேறு என்ற வித்தியாசம் கண் முன்னால் இருந்தது.

இரண்டாவது காலம் சிடியோடு வந்தது. 2000-ஐ ஒட்டி பள்ளத்தாக்கின் கல்லூரிகளில் கம்ப்யூட்டர் பாடம் பெருகியது. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி 1956-லிருந்தே இருக்கிறது. போடியில் ஏலத் தோட்ட முதலாளிகள் சங்கத்தின் பெயரிலேயே ஒரு கல்லூரி உண்டு. பாடத்திட்டங்களில் ஆரக்கிள் என்ற டேட்டாபேஸ் நுழைந்தது. ஆரக்கிள் 8ஐ 1999-ல் வெளிவந்தது, இன்டெலின் பென்டியம் 4 சிப் 2000 நவம்பரில். இரண்டும் சேர்ந்த இடத்தில் உலகம் முழுவதும் ஒரே கதை நடந்தது. சிடியைப் போட்டு செட்டப்பை அழுத்தினால் மவுஸ் அம்பு ஒரு கணம் சுழலும், பிறகு ஒன்றும் நடக்காது. எரரும் வராது. திரும்ப அழுத்தினாலும் அதே மௌனம். சிடி கெட்டுவிட்டது என்று வேறு சிடி தேடுவார்கள். விண்டோஸை அழித்து மறுபடி போடுவார்கள்.

காரணம் சிம்க்ஜிட் என்று பெயர் கொண்ட ஒரு டி.எல்.எல். கோப்பு. ஆரக்கிளின் இன்ஸ்டாலர் ஜாவாவில் எழுதப்பட்டது. அந்த ஜாவாவை வேகப்படுத்த சைமன்டெக் கம்பெனியின் மொழிமாற்றி ஒன்றை உள்ளே வைத்திருந்தார்கள். அது பென்டியம் 4 சிப்பில் ஓட முடியாமல் விழுந்தது. தீர்வு எளிமையானது. சிடி முழுவதையும் ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்ய வேண்டும், ஏனென்றால் சிடியில் எதையும் மாற்ற முடியாது. பிறகு அந்தக் கோப்பைத் தேடி, பெயரின் பின்னால் ஓல்டு என்று மாற்றி எழுதிவிட்டு, டிஸ்க்கிலிருந்தே செட்டப்பை ஓடவிட வேண்டும். வேகப்படுத்தும் கோப்பு கிடைக்காமல் ஜாவா மெதுவாக ஓடும், ஆனால் ஓடும். இந்த இரண்டு வரி வைத்தியம் ஆரக்கிள் படித்த பையன்கள் வழியாகக் கையெழுத்தில், நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பயணம் செய்தது. அதற்குள் ஒளிந்திருக்கும் காரணம் ஃபாக்ஸ்ப்ரோ காரணத்தின் தம்பி. இங்கேயும் மெஷின் சாஃப்ட்வேரைவிட இளையது.

அதே காலத்தில் இன்னொன்று யாருக்கும் தெரியாமல் நடந்தது. கணக்கு சாஃப்ட்வேர்களோடு எம்.எஸ்.டி.இ. என்ற மைக்ரோசாஃப்டின் இலவச டேட்டாபேஸ் சேர்ந்து ஏறத் தொடங்கியது. தன் மெஷினில் எஸ்.க்யூ.எல். சர்வரின் குட்டி ஒன்று ஓடுகிறது என்பது கடைக்காரருக்குத் தெரியாது. 2003 ஜனவரி 25 அன்று ஸ்லாமர் என்ற புழு அந்த சர்வரில் இருந்த ஓர் ஓட்டை வழியாக நுழைந்தது. சுமார் 75,000 மெஷின்கள், அவற்றில் பெரும்பாலானவை பத்தே நிமிடத்தில். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் முந்தைய வருஷம் ஜூலையிலேயே வெளிவந்திருந்தது. ஆனால் இருப்பதே தெரியாத சாஃப்ட்வேருக்கு யார் திருத்தம் போடுவார்கள்? அதற்குப் பின் வந்த பதிப்புகளின் செட்டப், கடினமான பாஸ்வேர்டு கொடுத்தால்தான் ஏறும் என்று அடம்பிடித்தது. பழைய பழக்கத்தில் பாஸ்வேர்டைக் காலியாக விட்டவர்களுக்கு இன்ஸ்டாலேஷன் தோற்றது. சரியான காரணத்துக்காகத் தோற்ற அபூர்வமான சந்தர்ப்பம் அது.

சர்வீஸ் பேக் இறக்குவது என்றால் டயல்-அப் மோடத்தில் ராத்திரி முழுக்க. நடுவில் போன் வந்தால் அறுந்துவிடும். 2012-ஐ நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. சென்னைக்கு வெளியே நாளில் பாதிக்கு மேல் கரண்ட் இல்லாத நாட்கள் வந்தன. கரண்ட் இருக்கிற நேரம் பார்த்து செட்டப்பை ஆரம்பிப்போம். யூ.பி.எஸ். பேட்டரி பதினைந்து நிமிஷம் தாங்கும், செட்டப் நாற்பது நிமிஷம் கேட்கும். பாதியில் அறுந்த இன்ஸ்டாலேஷன்தான் எல்லாவற்றிலும் மோசம். ரிஜிஸ்ட்ரியில் ஏறிவிட்டதாக எழுதியிருக்கும், கோப்புகள் முழுசாக வந்திருக்காது. மறுபடி போட்டால் "ஏற்கெனவே இருக்கிறது" என்று சொல்லும். எடுக்கப் போனால் "இல்லை" என்று சொல்லும்.

இன்றைக்கு வருவோம். ஃபைபர் வந்துவிட்டது, போனிலேயே ஜி.பி. கணக்கில் இறங்குகிறது. மதுரைக்குப் பஸ் ஏறும் தேவை இல்லை. மீட்டர்கேஜ் தண்டவாளம் பெயர்க்கப்பட்டுப் பத்து வருஷத்துக்கு மேல் காத்திருந்த ரயில்கூட 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் திரும்பிவிட்டது. கடையில் உட்கார்ந்திருக்கும் தம்பி ரிமோட் சாஃப்ட்வேரைத் திறந்து நம்பரைச் சொன்னால், எங்கிருந்தோ ஒருவர் உள்ளே வந்து பார்க்கிறார். ஆனால் பேச்சின் தொடக்கம் மாறவில்லை.

"அண்ணே, ஏறலைண்ணே. கடைசிவரைக்கும் போயிட்டு எரர் அடிக்குது."

"என்ன அடிக்குது? அப்படியே படி தம்பி."

இப்போதெல்லாம் அவர் படிக்கிற வரி பெரும்பாலும் இதுதான்: "வெயிட் ஆன் தி டேட்டாபேஸ் எஞ்சின் ரெக்கவரி ஹேண்டில் ஃபெயில்டு." புது விண்டோஸ் 11 மெஷின், என்.வி.எம்.இ. டிஸ்க், அதில் எஸ்.க்யூ.எல். சர்வர் 2019 எக்ஸ்பிரஸ். தொண்ணூறு சதவீதம் ஏறிய மாதிரி காட்டிவிட்டு நிற்கும். இணையத்தில் தேடினால் பாஸ்வேர்டை மாற்று, ஆன்ட்டிவைரஸை எடு, சர்வீஸ் அக்கவுண்டை மாற்று என்று ஆயிரம் யோசனை. எல்லாவற்றையும் செய்து பார்த்து, ஒவ்வொரு முறையும் எடுத்துவிட்டுத் திரும்பப் போட்டு, சாயங்காலமாகிவிடும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். செட்டப் காட்டும் வரி நோயின் பெயரில்லை. டேட்டாபேஸைத் தட்டி எழுப்பினேன், எழுந்திருக்கவில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது. ஏன் எழவில்லை என்பதை டேட்டாபேஸே வேறு இடத்தில் எழுதி வைத்திருக்கும். செட்டப்பின் சம்மரி கோப்பிலும் அது இருக்காது, அங்கேயும் இதே "ஃபெயில்டு" வரிதான். சி டிரைவில் புரோகிராம் ஃபைல்ஸ், அதற்குள் மைக்ரோசாஃப்ட் எஸ்.க்யூ.எல். சர்வர், அதற்குள் இன்ஸ்டன்ஸின் பெயர் கொண்ட ஃபோல்டர், அதற்குள் எம்.எஸ்.எஸ்.க்யூ.எல்., அதற்குள் லாக். அங்கே எரர்லாக் என்று ஒரு கோப்பு இருக்கும். அதற்கு டாட் டெக்ஸ்ட் போன்ற வால் எதுவும் கிடையாது, ஆகவே டபுள் கிளிக் செய்தால் எதில் திறப்பது என்று விண்டோஸ் முழிக்கும். பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். நோட்பேடைத் திறந்து அதற்குள் இழுத்துப் போட்டால் போதும். கீழ்ப்பக்கமாகப் பார்த்தால் 256 "மிஸ்அலைன்டு லாக் ஐ.ஓ." என்று ஒரு வரி கண்ணில் படும். நோய் அதுதான்.

டிஸ்க்கில் எழுதுவதற்கு ஒரு குறைந்தபட்ச அளவு உண்டு, அதை செக்டர் என்பார்கள். டேட்டாபேஸ் தன் லாக்கை அந்த அளவோடு பொருத்தித்தான் எழுதும், பாதி எழுதி கரண்ட் போனாலும் கணக்கு கெடக்கூடாது என்பதற்காக. 512 பைட், 4096 பைட் என்ற இரண்டு அளவுகளை அது ஏற்கும். புது என்.வி.எம்.இ. டிஸ்க்குகள் சில 8192, 16384, இன்னும் மேலே என்று சொல்கின்றன. படியில் அளந்தே பழகியவர் கையில் மரக்காலைக் கொடுத்தால், அளவு தெரியாமல் நெல்லைக் கொட்ட மாட்டேன் என்று உட்கார்ந்துவிடுவார் இல்லையா, அப்படி உட்கார்ந்துவிடுகிறது. எஃப்.எஸ்.யூட்டில் என்ற விண்டோஸ் கட்டளை செக்டர் அளவைக் காட்டிவிடும். ரிஜிஸ்ட்ரியில் என்.வி.எம்.இ. டிரைவருக்கான இடத்தில், செக்டர் அளவை நாலாயிரத்துச் சொச்சமாகவே சொல் என்று ஒரு மதிப்பைச் சேர்த்து ரீஸ்டார்ட் செய்தால் தீர்ந்தது. மைக்ரோசாஃப்டே இதை எழுதி வெளியிட்டிருக்கிறது.

ஒரு விபரீதம் என்னவென்றால், இதே டிஸ்க்கில் விண்டோஸ் 10 போட்டால் பிரச்சினை வருவதில்லை. பழைய விண்டோஸின் டிரைவர் உண்மையான அளவை மேலே சொல்வதே இல்லை. ஆகவே "விண்டோஸ் 11 சரியில்லைண்ணே, 10 போட்டுட்டேன், ஓடுது" என்று சர்வீஸ் தம்பிகள் சொல்கிறார்கள், அவர்கள் கண்ணால் கண்டதும் அதுதான். விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டதால் அந்த வழி இனி நெடுநாள் ஓடாது. ஃபாக்ஸ்ப்ரோவின் கடிகாரம், ஆரக்கிளின் சிம்க்ஜிட், இப்போது செக்டர். மூன்றிலும் குற்றவாளி ஒன்றுதான், நேற்றைய சாஃப்ட்வேர் கற்பனை செய்யாத இன்றைய மெஷின்.

வேறு காரணங்களையும் ஓடுகிற போக்கில் சொல்லிவிடலாம். பழைய பதிப்புகள் டாட் நெட் 3.5 கேட்கும், அது விண்டோஸில் அணைந்தே கிடக்கும். 3306 என்ற போர்ட்டில் ஏற்கெனவே ஒரு மைஎஸ்க்யூஎல் ஓடிக்கொண்டிருந்தால் இரண்டாவது எழாது. ரீஸ்டார்ட் பாக்கி இருக்கிறது என்று செட்டப் சொன்னால் ரீஸ்டார்ட்தான் வேண்டும், குறுக்குவழி வேண்டாம். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். விண்டோஸில் தன் பெயரைத் தமிழிலேயே அடித்து அக்கவுண்ட் வைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அதே பெயரில்தான் யூசர் ஃபோல்டரும் உருவாகும், தற்காலிகக் கோப்புகளும் அதற்குள்தான் இறங்கும். சில இன்ஸ்டாலர்கள் ஆங்கிலமல்லாத எழுத்தைப் பாதையில் பார்த்ததும் விழுந்துவிடும். அப்போது "தமிழ்ல பேர் வெச்சதுதான் தப்பு" என்று அவரிடம் சொல்லாதீர்கள். தப்பு இன்ஸ்டாலரை எழுதியவர்களுடையது. ஏற்றுவதற்கு மட்டும் ஆங்கில எழுத்தில் இன்னொரு அக்கவுண்ட் உருவாக்கிக்கொண்டால் போதும்.

இப்போது டேட்டாவுக்கு வருவோம், ஏனென்றால் உண்மையான சேதம் அங்கேதான் நடக்கிறது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது ஏராளமான கடைகள் அவசர அவசரமாகப் புது பில்லிங் சாஃப்ட்வேருக்கு மாறின. டி.பி.எஃப். கோப்பு போய் எஸ்.க்யூ.எல். சர்வரும் மைஎஸ்க்யூஎல்லும் வந்தன. அவை நல்லவை, கரண்ட் போனாலும் கணக்கைக் காப்பாற்றும் திறமை ஃபாக்ஸ்ப்ரோவுக்கு இருந்ததைவிடப் பல மடங்கு அதிகம். ஆனால் கணக்கு எங்கே இருக்கிறது என்று கடையில் கேட்டுப் பாருங்கள். "டெஸ்க்டாப்ல அந்த ஐகான்ல இருக்கு" என்பார்கள். மைஎஸ்க்யூஎல் தன் டேட்டாவை புரோகிராம்டேட்டா என்ற ஃபோல்டரில் வைக்கிறது. அந்த ஃபோல்டரை விண்டோஸ் சாதாரணமாகக் காட்டுவதே இல்லை. டேட்டாபேஸ் தோற்றால் இணையத்தில் கிடைக்கிற வைத்தியம் என்ன? மைஎஸ்க்யூஎல்லை அன்இன்ஸ்டால் செய், பிறகு மறைந்திருக்கும் அந்த ஃபோல்டரையும் தேடி அழி, அப்போதுதான் சுத்தமாக ஏறும். மாணவனுக்குச் சரியான வைத்தியம். கடைக்கு அது பேரேட்டைக் கொளுத்துவது.

எக்ஸ்ஏஎம்பிபி என்ற தொகுப்பைப் போட்டிருக்கிற இடத்தில் இன்னொரு விதம். "மைஎஸ்க்யூஎல் ஷட்டவுன் அன்எக்ஸ்பெக்டட்லி" என்று சிவப்பில் வரும். டேட்டா ஃபோல்டருக்கு வேறு பெயர் வைத்துவிட்டு, பேக்கப் ஃபோல்டரைக் காப்பி செய்து டேட்டா என்று பெயரிட்டால் உடனே ஓடிவிடும். பழைய ஃபோல்டரிலிருந்து தன் டேட்டாபேஸ் ஃபோல்டரை மட்டும் எடுத்துப் போட்டுவிட்டு, ஐபிடேட்டா1 என்ற கோப்பை விட்டுவிடுகிறவர்கள் அதிகம். டேபிள்களின் பெயர்கள் தெரியும், திறந்தால் அப்படி ஒரு டேபிளே இல்லை என்று சொல்லும். அந்த நேரத்தில் பழைய ஃபோல்டரை அழித்திருக்கவில்லை என்றால் தப்பித்தார்கள். இந்தத் தொழிலில் புதிதாக வருகிற ஒவ்வொரு தம்பியிடமும் ஒன்றைத்தான் கெஞ்சிக் கேட்கிறேன். எரர் எதுவாக இருந்தாலும் இருக்கட்டும், முதலில் சர்வீஸை நிறுத்து, டேட்டா ஃபோல்டர் மொத்தத்தையும் வேறு டிஸ்க்கில் காப்பி எடு. அதற்கப்புறம் உன் இஷ்டம்.

மெஷினே செத்துவிட்டால்? முன்பு ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி வேறு மெஷினில் மாட்டினால் போதும் என்றேன். இப்போது அதுவும் மாறிவிட்டது. புது விண்டோஸ் 11 மெஷின்கள், மைக்ரோசாஃப்ட் அக்கவுண்டில் நுழைந்ததும் டிஸ்க்கைத் தானாகவே பூட்டிவிடுகின்றன. பூட்டின் சாவி மதர்போர்டில் இருக்கிற டி.பி.எம். சிப்போடு கட்டுப்பட்டது. மின்னலில் மதர்போர்டு போனால், டிஸ்க் நன்றாகவே இருக்கும், வேறு மெஷினில் மாட்டினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது எந்த மெயிலில் நுழைந்து மெஷினை ஆன் செய்தார்களோ அந்த அக்கவுண்டில் இருக்கிறது. சிற்றூரில் அந்த மெயில் பல சமயம் மெஷினை மாட்டிக் கொடுத்த தம்பியுடையது. அவர் இப்போது எங்கே வேலை பார்க்கிறார் என்று தேட வேண்டும். திருடனிடமிருந்து காப்பாற்ற வந்த பூட்டு, இந்தச் சாவியை எழுதி வைக்காத கடையில் சொந்தக்காரரையும் சேர்த்து வெளியே நிறுத்திவிடும். புது மெஷின் வாங்கிய அன்றே அந்த 48 எண்களையும் பிரிண்ட் எடுத்து, பில் புத்தகத்தோடு வைக்கச் சொல்லுங்கள்.

இவ்வளவு தொல்லைக்கு மேகத்துக்கே போய்விடலாமே என்று கேட்பார்கள். போடிக்கு அதில் நேரடி அனுபவம் உண்டு. ஒரு காலத்தில் ஏலக்காய் ஏலம் என்றால் ஆள் நின்று வாய்விட்டுக் கேட்பது. ஸ்பைசஸ் போர்டு அதை மின்னணு ஏலமாக மாற்றியதும், வியாபாரிகள் கூடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விலையை அழுத்தத் தொடங்கினார்கள். போடிநாயக்கனூரிலும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தின் புத்தடியிலும் ஏலம் நடக்கும். அங்கே ஏலம் என்றால் இங்குள்ளவர் மலை ஏற வேண்டும், இங்கே என்றால் அவர்கள் இறங்க வேண்டும். 2021 ஜனவரியில் மேகக்கணினி வழி ஏலம் வந்தபோது இரண்டு ஊர்க் கூடங்களும் ஒரே நேரத்தில் ஒரே ஏலத்தில் இணைந்தன. கொரோனாவில் எல்லை அடைபட்டு வியாபாரம் தவித்ததற்குப் பிறகு அது பெரிய ஆறுதல். அங்கே டேட்டாபேஸை யாரும் கடையில் ஏற்றுவதில்லை, தோற்பதற்கு இன்ஸ்டாலேஷனே இல்லை.

ஏலம் பொதுவானது, அதற்கு ஓர் அரசு வாரியம் பொறுப்பு. கடையின் உள்கணக்கு அப்படியில்லை. முன்பணம், பாக்கி, எந்தத் தோட்டத்துச் சரக்கில் எவ்வளவு கழிவு என்பதையெல்லாம் வியாபாரி தன் கூரைக்குக் கீழேயேதான் வைத்துக்கொள்ள விரும்புகிறார், அந்த விருப்பத்தில் நியாயம் இருக்கிறது. மாதச் சந்தா கட்ட மறந்தால் கணக்குத் திறக்காது என்ற ஏற்பாடு பலருக்கு ஒப்பவில்லை. ஆகவே மேசைக்குக் கீழே அந்தச் சிஸ்டமும், அதற்குள் ஒரு டேட்டாபேஸும் இன்னும் பல வருஷம் இருக்கத்தான் போகின்றன.

அதைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். பள்ளத்தாக்கில் கல்லூரிகளுக்குக் குறைவில்லை, போடியில் அரசுப் பொறியியல் கல்லூரியும் இருக்கிறது. டேட்டாபேஸ் பாடத்தில் செலக்ட், ஜாயின், நார்மலைசேஷன் எல்லாம் வருகின்றன. ஆனால் ஆய்வகத்தில் டேட்டாபேஸ் ஏற்கெனவே ஏற்றி வைக்கப்பட்டிருக்கும், அதை ஏற்றுவது லேப் அசிஸ்டென்ட்டின் வேலை. தோற்ற இன்ஸ்டாலேஷனை ஒரு மாணவர் முதன்முதலாகப் பார்ப்பது யாரோ ஒருவரின் கடையில், அவருடைய கணக்கு பணயத்தில் இருக்கும்போது. ஒரே ஒரு லேப் வகுப்பை இதற்கு ஒதுக்கலாம். மாதிரிக் கணக்கு ஒன்றை ஏற்றிவிட்டு, போர்ட்டை வேறொன்றுக்குக் கொடுத்தோ, ஒரு கோப்பின் பெயரை மாற்றியோ டேட்டாபேஸை வேண்டுமென்றே விழ வைக்க வேண்டும். மாணவர் திரையில் வந்த வரியை எழுத வேண்டும், எரர்லாக்கைத் திறந்து அங்கே உள்ள வரியை அதற்குக் கீழே எழுத வேண்டும், டேட்டா ஃபோல்டரைக் காப்பி எடுக்க வேண்டும். பிறகு ஆசிரியர் அந்த மெஷினை அணைத்துவிட வேண்டும். அந்தக் காப்பியை வைத்துப் பக்கத்து மெஷினில் அதே கணக்கின் கடைசி பில்லைத் திறந்து காட்டினால் முழு மதிப்பெண்.